முருகைக்கல்லில் காலை ஊன்றாதீர்கள்: புறாத்தீவுக்கு வரும் எம்மவருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான உறவுகளுக்கு,

மே மாதம் பிறந்து கிழக்குக் கடல் அடங்கியதும் திருகோணமலை வீதிகளில் வெளியூர் வான்கள் வரத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, மலையகத்திலிருந்து, கொழும்பிலிருந்து வருகிறீர்கள். ஓகஸ்ட் விடுமுறையில் லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ பிள்ளைகளும் சேர்ந்துவிடுவார்கள். காலையில் கோணேசர் கோயில், அடுத்து கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீர், பிறகு நிலாவெளி. அங்கிருந்து வள்ளம் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் புறாத்தீவு. நாங்கள் புறாமலை என்று சொல்லும் அந்தச் சின்னத் தீவில் இறங்கி, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, கடலுக்குள் முகத்தை வைத்து முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, பார்க்கிறீர்கள். அந்த ஒரு மணிநேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் இந்த ஊர்க்காரி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். உங்களில் யாரையும் குற்றவாளியாக நிறுத்துவதற்காக எழுதவில்லை. நீங்கள் தெரியாமல் செய்வதை நானும் செய்திருக்கிறேன். செய்த கையோடு அதைக் கண்ணாலும் பார்த்தேன். அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் என்றாலும் நாற்பத்திரண்டு வயது வரை எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் கரைவலை இழுப்பதை நின்று பார்க்கலாம், கணுக்கால் நனையலாம். முழங்கால் நனைந்தால் அம்மா கூப்பிட்டுவிடுவார். அப்படி வளர்ந்த என்னைக் கனடாவிலிருந்து வந்த தங்கையின் குடும்பம் புறாத்தீவுக்கு அழைத்துப் போனது. வாடகைக்கு எடுத்த கண்ணாடி முகத்துக்குச் சற்றுப் பெரிது. உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டினார்கள். தண்ணீர் நெஞ்சளவுதான். முகத்தை உள்ளே வைத்தேன். முதல் மூச்சு நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது மூச்சில் கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் ஏறி மூக்கில் அடித்தது. அவ்வளவுதான், உயிர்ப்பயம் வந்துவிட்டது. கால் தானாகவே நிலத்தைத் தேடிப் போய் எதையோ மிதித்தது.

அது ஒடிந்தது. முருங்கைக் கொப்பு ஒடிவதுபோல ஒரே நொடியில் ஒடிந்தது. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டேனா, உள்ளங்காலால் கேட்டேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அக்கா, காலைத் தூக்குங்கள். கல்லில் நிற்கிறீர்கள்" என்று வள்ளக்காரத் தம்பி கையைப் பிடித்து என்னை மணல் பக்கம் இழுத்தார். மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு, தங்கையின் மகன் கண்ணாடியைச் சரியாக மாட்டிவிட்டு, "பெரியம்மா, இப்போது பாருங்கள்" என்றான். பார்த்தேன். மான்கொம்பு போலக் கிளைத்திருந்த முருகையில் ஒரு சாண் நீளக் கொப்பு ஒன்று முறிந்து கீழே கிடந்தது. அதன் நுனி மட்டும் வெளிறிய நீலம். புதிதாக வளர்கிற இடம் அப்படித்தான் நிறம் குறைந்திருக்கும். முறிந்த வாய் புதுச் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. அந்தக் கொப்புகளுக்குள் குடியிருந்த நகத்தளவு நீலப்பச்சை மீன்கள் பயத்தில் சிதறிப் போயிருந்தன. சற்று நேரத்தில் திரும்பி வந்தன. வந்து, கொப்பு இருந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி நின்றன.

உறவுகளே, முருகைக்கல் என்று பெயர் வைத்திருக்கிறோம். கல் என்றால் ஏறி நிற்கலாம், இருக்கலாம், காலை ஊன்றி இளைப்பாறலாம் என்று மனம் நினைத்துவிடுகிறது. ஆனால் அதன் மேற்பரப்பு முழுவதும் உயிர். ஒவ்வொரு சிறு குழிக்குள்ளும் கடுகளவோ மிளகளவோ ஒரு பிராணி இருக்கிறது. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. முருகைக்கு நிறம் தருவதும் அந்தப் பாசிதான். கடல் வழமையைவிட ஒரு பாகை செல்சியஸ் சூடேறி அப்படியே சில வாரம் நின்றாலே பாசி வெளியேறிவிடும், முருகை வெளிறிவிடும். நீங்கள் மிதிக்கும்போது கால் படுவது கல்லில் இல்லை, அந்தப் பிராணியின் மெல்லிய தோலில். தோல் கிழிந்த இடத்தில் வேறு பாசிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடம் மீள்வது கடினம்.

மான்கொம்பு முருகை விரைவாக வளர்கிற இனம்; ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீற்றர் அளவில் வளரும். நான் ஒரு நொடியில் ஒடித்தது ஏறத்தாழ இரண்டு வருட உழைப்பு. ஆனால் நீங்கள் இளைப்பாற ஏறி நிற்பது பெரும்பாலும் மான்கொம்பில் இல்லை. உருண்டையாக, மேசை மாதிரி, நிற்க வசதியாக இருக்கிற பெரிய முருகைகளில்தான். அவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீற்றர் அளவிலேயே வளர்கின்றன. ஒரு மீற்றர் உயர உருண்டை ஒன்று நம் பூட்டன் பூட்டி காலத்தில் வளரத் தொடங்கியிருக்கும். ஊரில் அந்த வயதுள்ள ஓர் ஆலமரத்தின் பட்டையை நாளைக்கு நூறு பேர் செருப்புக் காலால் உரித்தால் நாம் பார்த்துக்கொண்டு நிற்போமா?

புறாத்தீவு சின்ன இடம். பெரிய தீவுகூட 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான் வரும். பாறையில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமாகவும் இருந்திருக்கிறது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் சுற்றியுள்ள கடலோடு சேர்த்துத் தேசியப் பூங்காவானது. ஏறத்தாழ நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன. போர்க்காலத்தில் இங்கே வந்துபோனவர்கள் குறைவு. 2009க்குப் பிறகு பாதை திறந்தது, சனம் வந்தது. வரத்தான் வேண்டும். எத்தனையோ காலம் பார்க்க முடியாமல் இருந்த நம்முடைய கடல் அது. சனம் வருவதால் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. வராதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் இலங்கையில் மிஞ்சியிருக்கிற நல்ல முருகைத்திட்டுகளில் இது ஒன்று என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவை உட்படத் தெற்கு, மேற்குக் கரைகளில் ஆழம் குறைந்த இடத்து முருகைகள் பெரும்பாலும் வெளிறிச் செத்தன. திருகோணமலைப் பக்கம் அப்போது தப்பியது. அதற்கு முன்பு 1970களில் முள்முடி நட்சத்திரமீன்கள் பெருகி இங்கிருந்த முருகையைத் தின்றன. பிறகு சுனாமி வந்தது. இத்தனையையும் தாண்டி நிற்கிற உயிர் இது.

சுனாமி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்மேற்குக் கரையிலுள்ள பெரலிய ஊரில் புகையிரதத்தைப் புரட்டிய அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, ஹிக்கடுவைப் பூங்காவின் முருகைத்திட்டுக்குப் பின்னால், அதே அலை ஐம்பது மீற்றர் அளவில் நின்றுவிட்டது. பெரலியப் பக்கம் முருகையைச் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் தோண்டி எடுத்திருந்தார்கள் என்று பின்னர் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலடியின் அமைப்புக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். ஆனாலும் 2004 மார்கழியில் இந்தக் கரையில் உறவுகளை இழந்த எங்களுக்கு அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. வீட்டுக்கு முன்னால் நிற்கிற வேலியை நாமே மிதித்து விழுத்துவதா?

இப்போது நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். எம்மவர் முருகையில் ஏறி நிற்பது அலட்சியத்தால் என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பல வருடமாகக் கரையில் நின்று பார்க்கிறேன், காரணம் பயம்தான். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரில் மிதக்கும் என்று நம் உடம்பையே நாம் நம்புவதில்லை. அதனால் கால் கீழே எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறது. உயிர்காப்பு அங்கியும் இதற்குத் துணைபோகிறது. கட்டாயம் அணியுங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பயந்து தலையை நிமிர்த்திய உடனே அது ஆளைச் செங்குத்தாக நிறுத்திவிடும். முருகைக்கு மேலே ஒரு மீற்றர் தண்ணீரே இருக்கிற இடத்தில் அப்படி நின்றால், ஊன்ற நினைக்காதவர் காலும் போய் முருகையில்தான் இடிக்கும். "தொடாதீர்கள், மிதிக்காதீர்கள்" என்று எத்தனை பலகை நட்டாலும், மூக்கில் தண்ணீர் ஏறிய மனிதருக்குப் பலகை நினைவில் வராது. எனக்கு வரவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நேரே முருகைக்குப் போகாதீர்கள். நிலாவெளியில் வள்ளம் ஏறுவதற்கு முன், முடிந்தால் முதல்நாளே, மணற்கரையில் ஒரு மணிநேரம் மிதக்கப் பழகுங்கள். நீச்சல் வேண்டாம், மிதந்தால் போதும். நான் பழகியது இப்படித்தான். முகக்கண்ணாடியைப் பட்டி கட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தேன். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அது நம் முகத்துக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். முன்மயிர் ஒன்று உள்ளே மாட்டினாலும் தண்ணீர் ஒழுகும், ஒதுக்கிவிட வேண்டும். உள்பக்கம் சிறிது எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது. பிறகு இடுப்பளவு தண்ணீரில், காலுக்குக் கீழே வெறும் மணல் இருக்கிற இடத்தில் குனிந்து முகத்தை மட்டும் வைத்து வாயால் நூறு மூச்சு. எண்ணிக்கொண்டே இருந்தால் நெஞ்சு அடங்கிவிடும். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் மெழுகுதிரி அணைப்பதுபோல ஒரே ஊது. கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் தலையைத் தூக்கி, கீழ் விளிம்பைச் சற்று இழுத்துவிட்டால் போய்விடும். இந்த இரண்டும் கைவந்தால் பாதிப் பயம் தீர்ந்தது. கடைசியில் யாராவது வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுக்க, குப்புறப் படுத்துக் காலைப் பின்னால் நீட்ட வேண்டும். எனக்குக் கை கொடுத்தவன் பதினாலு வயதுத் தங்கை மகன். எப்போது கையை எடுத்தான் என்றே தெரியவில்லை. "பெரியம்மா, நான் பிடிக்கவில்லை" என்றபோது அவன் குரல் எட்ட இருந்து கேட்டது. கடல் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வருடம் அதன் கரையில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் அதை உடம்பால் தெரிந்துகொண்டேன்.

அடுத்தநாள் மறுபடியும் தீவுக்குப் போனோம். அன்றைக்குப் பார்த்ததை எழுதாமல் விட மனமில்லை. குப்புறக் கிடந்து அசையாமல் இருந்தால் மீன்கள் நம்மை மறந்துவிடுகின்றன. கிளிமீன் ஒன்று செத்த முருகையில் படிந்த பாசியைக் கொறிக்கும் சத்தம் கறக் கறக் என்று தெளிவாகக் கேட்டது. சற்றுப் பொறுத்து அதன் வாலடியிலிருந்து வெள்ளை மணல் புகைபோல இறங்கியது. நாம் கால் புதைத்து விளையாடும் வெண்மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். பிறகு துடுப்பு நுனி கறுத்த சுறா ஒன்று ஆளளவுகூட இல்லாமல் நிதானமாகக் கடந்து போனது. பயப்பட வேண்டியதில்லை, அது நம்மைவிடக் கூச்சம் உள்ளது. துரத்திக்கொண்டு போய்ப் படம் எடுக்கப் பார்த்தால் மறைந்துவிடும். சும்மா இருந்தால் திரும்பியும் வரும். காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. அவர் தன் காலடியில் கிளப்பிய கலங்கலைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்.

சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "உலகமே சூடேறி முருகை வெளிறுகிறது, நான் ஒரு காலை வைப்பதாலா குடி முழுகப்போகிறது?" நியாயமான கேள்விதான். 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தச் சூட்டை நீங்களும் நானும் நிலாவெளியில் நின்று தணிக்க முடியாது. ஆனால் வெளிறிய முருகை உடனே சாவதில்லை. கடல் குளிர்ந்தால் பாசி திரும்பிவந்து அது தேறவும் கூடும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை யாரும் அடிப்பதில்லை. காயமில்லாத முருகைக்குத் தேறி எழ ஒரு வாய்ப்பு இருக்கிறது. முறிந்தும் உரிந்தும் கிடப்பதற்கு அந்த வாய்ப்புக் குறைவு. காலநிலைக்குப் பதில் சொல்ல அரசுகள் இருக்கின்றன. காலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னும் சில சிறிய விடயங்கள். பாண் துண்டு கொண்டுபோய் மீனுக்குப் போடாதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், மறுக்க மனம் வராது, தெரியும். ஆனால் பாணுக்குப் பழகிய மீன் பாசியைக் கொறிக்கும் தன் வேலையை விட்டுவிடும், பாசி முருகையை மூடும். சேலை, சால்வை, தொங்கும் உடைகளோடு முருகைக்கு மேலே போகாதீர்கள். சால்வை நுனி மான்கொம்பில் சிக்கி, பயந்துபோய் இழுத்து, கொப்போடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது முருகைக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. உடலோடு ஒட்டிய முழுக்கை மேற்சட்டை அணியுங்கள். வெயில் பூச்சும் அவ்வளவாகத் தேவைப்படாது. அத்தகைய பூச்சுகளில் உள்ள சில இரசாயனங்கள் முருகைக்கு ஆகாது என்று பசிபிக் தீவுகளான பலாவு 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் தடை செய்திருக்கின்றன. தீவின் கரையெல்லாம் செத்த முருகைத் துண்டுகள் குவிந்து கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போவது சட்டப்படி குற்றம்.

வான் பிடித்துக் கூட்டமாக அழைத்துவரும் அண்ணன்மாரிடம் தனியாக ஒரு வார்த்தை. ஒரே நாளில் கோயில், கன்னியா, தீவு, மாலைக்குள் திரும்பி யாழ்ப்பாணம் என்று போடும் திட்டத்தில் முருகைக்கு ஒதுக்கப்படுவது ஒரு மணிநேரம். அந்த அவசரத்தில் யாரும் மிதக்கப் பழக முடியாது. தயவுசெய்து ஓர் இரவு தங்கும்படி திட்டம் போடுங்கள். தீவைக் காலையில் முதல் வேலையாக வையுங்கள். காற்று எழும்புவதற்கு முன் தண்ணீர் தெளிந்திருக்கும், கூட்டமும் இருக்காது. இருபது பேரையும் ஒன்றாக இறக்காமல் நாலு நாலு பேராக இறக்குங்கள். தண்ணீர் வேண்டாம் என்கிற அப்பம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கரையில் நிழலில் இருந்து புறாவைப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு பயணம்தான்.

வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளே, உங்களில் பலர் பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் முறையாகப் படித்தவர்கள். இங்கே வந்ததும் கடலில் பாய்ந்து நெடுந்தூரம் போய்விடுகிறீர்கள். உங்கள் பெரியம்மாவும் மாமாவும் சித்தப்பாவும் பின்னால் தட்டுத் தடுமாறிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் உங்களிடம் கேட்கமாட்டார்கள், வெட்கப்படுவார்கள். நீங்களாகவே திரும்பி வந்து வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுங்கள். எனக்கு ஒரு பிள்ளை அப்படிச் செய்தான்.

அடுத்த வருடம் அவன் வந்தபோது நான் ஒடித்த இடத்தைத் தேடிப் போனோம். கரைப்பக்கம் இருந்த உருண்டை முருகை ஒன்றை அடையாளம் வைத்திருந்தேன், அதனால் கண்டுபிடித்துவிட்டோம். முறிந்த வாயில் பழுப்புப் பாசி படர்ந்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு புது முளை. அதன் நுனி வெளிறிய நீலம். மீன்கள் இன்னும் அங்கே குடி வரவில்லை.

இந்த மேயில் கடல் அடங்கியதும், பெற்றோர் சம்மதித்த என் வகுப்புப் பெண்பிள்ளைகள் பதினொருவரை உப்புவெளி மணற்கரைக்கு அழைத்துப் போகிறேன். நீந்தத் தெரிந்த அம்மாமார் இருவர் துணைக்கு வருகிறார்கள். நூறு மூச்சு எண்ணுவதிலிருந்து தொடங்குவோம். சனிக்கிழமை காலைகளில் அந்தப் பக்கம் வந்தால் எங்களைக் காண்பீர்கள். தீவுக்குப் போகும் வழியில் நீங்களும் எங்களோடு இறங்கிப் பழகிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து
ஒரு விஞ்ஞான ஆசிரியை